எண்ணெய்க்காக வீழ்த்தப்பட்ட பிரதமர்: ஈரானின் முஹம்மது முஸத்திக்

காஞ்சிபுரத்தில் மின்சாரம் வருவதற்கு முந்தைய நாட்களைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் பேசும்போது சீமெண்ணெய் விளக்கைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். சிலர் அதைக் கிருஷ்ணாயில் என்பார்கள். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீடானாலும் சரி, ஒலிமுகம்மதுபேட்டையில் குர்ஆன் ஓதும் பிள்ளைகளின் திண்ணையானாலும் சரி, மக்ரிபுக்குப் பிறகு வெளிச்சம் என்றால் அந்த எண்ணெய்தான். அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்துக்குச் சீமெண்ணெய் அனுப்பிய பெரிய கம்பெனிகளில் ஒன்று பர்மா ஆயில். அதன் கிடங்கு சென்னைத் துறைமுகத்தில் இருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வந்து குண்டு வீசியபோது பற்றி எரிந்தவை அந்தக் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்தாம். பத்து நிமிட வேலை. ஊரே கிலி பிடித்து வெளியேறியது. கெட்டிக்காரனை எம்டன் என்று சொல்லும் வழக்கம் இன்னும் நம் பேச்சில் இருக்கிறது.

இவ்வளவு தூரம் கடல் கடந்து வந்த கப்பல் எண்ணெய்த் தொட்டியை ஏன் குறி வைத்தது என்று பலரும் யோசிப்பதில்லை. அந்த ஆண்டில்தான் எண்ணெய் என்பது விளக்கெரிக்கும் சரக்கு என்ற நிலையிலிருந்து வல்லரசுகளின் உயிர்நாடியாக மாறிக்கொண்டிருந்தது. அந்த மாற்றத்தில் நசுங்கிய நாடு ஈரான். அந்த நசுக்கலுக்கு எதிராக எழுந்து நின்று, கடைசியில் தன் சொந்த வீட்டிலேயே சிறைவைக்கப்பட்டு மறைந்தவர் முஹம்மது முஸத்திக். நம் செய்தித்தாள்கள் மொசாதெக் என்று எழுதும் அதே மனிதர். பெயர் அரபுச் சொல். உண்மை என்று உறுதிப்படுத்துபவர் என்று பொருள். பெற்றோர் வைத்த பெயர் முஹம்மது மட்டும்தான். முஸத்திக் என்பது அரசவை தந்த பட்டத்திலிருந்து வந்தது.

அவருடைய கதைக்குள் போகும் முன் அந்தக் கம்பெனியின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1901ல் ஈரானின் கஜர் வம்ச மன்னர், வில்லியம் நாக்ஸ் டார்சி என்ற செல்வந்தருக்கு நாட்டின் பெரும்பகுதியில் எண்ணெய் தேடும் உரிமையை 60 ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்தார். ஈரானுக்குக் கிடைப்பது நிகர லாபத்தில் 16 சதவீதம். சில ஆண்டுகள் தோண்டியும் பெரிதாக ஒன்றும் கிடைக்காமல் டார்சியின் பணம் கரைந்தபோது கைகொடுத்தது நம் ஊருக்குச் சீமெண்ணெய் அனுப்பிய அதே பர்மா ஆயில். 1908 மே மாதம் மஸ்ஜிதே சுலைமான் என்ற இடத்தில் எண்ணெய் பீறிட்டது. 1909ல், காஞ்சிபுரத்தில் அறிஞர் அண்ணா பிறந்த அதே ஆண்டில், ஆங்கிலோ பெர்ஷியன் ஆயில் கம்பெனி லண்டனில் பதிவானது.

பிரிட்டனிடம் நிலக்கரி ஏராளம். எண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லை. ஆனால் எண்ணெயில் ஓடும் கப்பல் நிலக்கரிக் கப்பலைவிட வேகமாகப் போகும். நடுக்கடலிலேயே எரிபொருள் ஏற்றிக்கொள்ளலாம். கரி அள்ளிப் போட ஆள் வேண்டாம். கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் கடற்படையை எண்ணெய்க்கு மாற்றும் முடிவில் உறுதியாக இருந்தார். அதன் விலை என்ன தெரியுமா? சொந்த மண்ணில் கிடைக்கும் எரிபொருளைக் கைவிட்டு, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இன்னொருவர் மண்ணில் இருப்பதை நம்புவது. நம்பினால் அந்த மண்ணைப் பிடியில் வைத்திருக்க வேண்டும். 1914ல், முதல் உலகப் போர் மூள்வதற்குச் சற்று முன், பிரிட்டிஷ் அரசு 22 லட்சம் பவுண்டு போட்டு அந்தக் கம்பெனியின் 51 சதவீதப் பங்குகளை எடுத்தது. அன்று முதல் ஈரானின் எண்ணெய் ஒரு வியாபாரியின் சரக்காக இல்லை. ஒரு பேரரசின் பாதுகாப்புத் திட்டமாகிவிட்டது. இதைப் புரிந்துகொண்டால்தான் முஸத்திக் யாரோடு மோதினார் என்பது விளங்கும்.

முஸத்திக் 1882ல் தெஹ்ரானில் பிறந்தார். ஏழை வீட்டுப் பிள்ளை இல்லை. தந்தை மிர்ஸா ஹிதாயதுல்லாஹ் அரசின் நிதித்துறையில் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர். தாய் நஜ்முஸ் ஸல்தனா கஜர் அரச குடும்பத்துப் பெண். உறுதியான மனம் படைத்தவர். பின்னாளில் தன் செல்வத்தை வக்ஃபாக எழுதி தெஹ்ரானில் நஜ்மிய்யா என்ற மருத்துவமனையை நிறுவியவர். தந்தை சீக்கிரமே இறந்துவிட, பதின்ம வயதிலேயே குராசான் மாகாணத்தின் வரிக் கணக்குகளைப் பார்க்கும் பொறுப்பு முஸத்திக்குக்கு வந்தது. அந்தக் காலத்தில் அத்தகைய பதவிகள் தந்தைவழி வருபவை. சின்ன வயதில் கையில் அரசுக் கணக்குப் புத்தகம் கிடைத்தும் கை நீளாத பிள்ளை என்று பெயர் எடுத்தார்.

1906ல் ஈரானில் அரசியலமைப்புப் புரட்சி நடந்து நாடாளுமன்றம் அமைந்தது. மஜ்லிஸ் என்பார்கள். முதல் மஜ்லிஸுக்கு இஸ்ஃபஹானிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட முஸத்திக், சட்டம் கேட்ட 30 வயது நிரம்பாததால் உள்ளே அமர முடியாமல் போனது. பிறகு படிக்கப் போனார். முதலில் பாரிஸ்; உடல்நலம் கெட்டுத் திரும்பினார். அடுத்து சுவிட்சர்லாந்தின் நொய்ஷாத்தெல். அங்கே சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் இஸ்லாமியச் சட்டத்தில் வஸிய்யத், அதாவது மரண சாசனம். ஐரோப்பியப் படிப்புப் படித்தவர் என்பதால் அவரை மேற்கத்திய மோகம் கொண்டவராகச் சித்தரிப்பவர்களுக்கு இந்த விவரம் தெரியாது போலும். ஒருவர் தன் சொத்தை எந்த வரம்புக்குள் யாருக்கு எழுதி வைக்கலாம் என்று ஆராய்ந்த அவருக்கு, ஒரு மன்னர் மக்களின் சொத்தை எந்த உரிமையில் அந்நியருக்கு எழுதிக் கொடுத்தார் என்ற கேள்வி பின்னாளில் எழுந்தது வியப்பில்லை.

1919ல் ஈரானின் ராணுவத்தையும் நிதியையும் பிரிட்டிஷ் ஆலோசகர்களிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் ஒன்று வந்தபோது ஐரோப்பாவில் இருந்தபடியே அதை எதிர்த்து எழுதினார். பிறகு ஃபார்ஸ் மாகாண ஆளுநர், நிதியமைச்சர், அஸர்பைஜான் ஆளுநர், வெளியுறவு அமைச்சர் என்று அடுத்தடுத்துப் பதவிகள் வந்தன. எதிலும் நெடுநாள் நீடிக்கவில்லை. ஒத்துவராவிட்டால் ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்குப் போவது அவர் பழக்கம்.

1925ல் அவருடைய துணிவுக்குப் பெரிய சோதனை வந்தது. ராணுவத் தளபதியாக உயர்ந்து பிரதமராகியிருந்த ரிஸா கான், கஜர் வம்சத்தை நீக்கிவிட்டுத் தானே ஷாவாக முடிசூட விரும்பினார். மஜ்லிஸில் எதிர்க்க எழுந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். முஸத்திக் அவர்களில் ஒருவர். ரிஸா கான் நாட்டுக்குச் செய்த நல்ல பணிகளை முதலில் ஒப்புக்கொண்டார். பிறகு ஒரு வழக்கறிஞருக்குரிய தர்க்கத்தை வைத்தார்: ஷா ஆனபின் அவர் ஆட்சி செய்யாமல் சும்மா இருந்தால் நாடு ஒரு நல்ல பிரதமரை இழக்கும், ஆட்சியும் செய்தால் அது சர்வாதிகாரம். பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. வாக்கெடுப்பு ரிஸா கான் விரும்பியபடியே முடிந்தது.

பிறகு பல ஆண்டுகள் முஸத்திக் தெஹ்ரானுக்கு மேற்கே உள்ள அஹ்மதாபாத் கிராமத்தில் தன் பண்ணையில் ஒதுங்கி வாழ்ந்தார். அங்கும் விடவில்லை. 1940ல் கைது செய்து கிழக்கே பிர்ஜந்த் சிறைக்குக் கொண்டு போனார்கள். தந்தையை இழுத்துச் செல்வதைக் கண்ட இளைய மகள் கதீஜாவின் மனம் சிதைந்தது. அந்தப் பெண் அதிலிருந்து மீளவே இல்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை மருத்துவமனைகளில் கழித்தார். முஸத்திக்கின் வாழ்க்கையில் அவர் அதிகம் பேசாத, ஆனால் சுமந்துகொண்டே இருந்த துயரம் இது. பட்டத்து இளவரசரின் நண்பர் ஒருவர் பரிந்து பேசியதால் முஸத்திக் சிறையிலிருந்து வெளிவந்தார். அந்த இளவரசர்தான் பின்னாளில் அவரை வீழ்த்திய முஹம்மது ரிஸா ஷா. விதியின் விளையாட்டு என்று இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை.

1941ல் பிரிட்டிஷ் படைகள் தெற்கிலிருந்தும் ரஷ்யப் படைகள் வடக்கிலிருந்தும் ஈரானுக்குள் புகுந்தன. எண்ணெய் வயல்களும், ரஷ்யாவுக்கு ஆயுதம் கொண்டுபோகும் பாதையும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. ஜெர்மனியோடு நெருங்கிய ரிஸா ஷாவை அகற்றி, மகனை அரியணையில் அமர்த்தினார்கள். முஸத்திக் மீண்டும் வெளியே வந்தார். 1944ல் தெஹ்ரானிலிருந்து மஜ்லிஸுக்குத் தேர்வானார்.

அந்த ஆண்டு ரஷ்யா வடக்கு ஈரானில் எண்ணெய் உரிமை கேட்டது. தெற்கில் பிரிட்டனுக்குக் கொடுத்திருக்கிறீர்கள், எங்களுக்கும் கொடுங்கள் என்பது அதன் வாதம். அமெரிக்கக் கம்பெனிகளும் வாசலில் நின்றன. சில ஈரானியத் தலைவர்கள் ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்கும் கொடுத்தால் இருவரும் சமமாகிவிடுவார்கள், நாடு தப்பிக்கும் என்று நினைத்தார்கள். முஸத்திக் இதைத் திருப்பிப் போட்டார். ஒரு கை வெட்டப்பட்டவன் சமநிலைக்காக மறு கையையும் வெட்டிக்கொள்வதா என்ற பாணியில் வாதிட்டு, யாருக்கும் கொடுக்காமல் இருப்பதே சமநிலை என்றார். அந்நியருடன் எண்ணெய் உரிமை பற்றி எந்த அமைச்சரும் பேச்சு நடத்தக் கூடாது என்று 1944 டிசம்பரில் ஒரு சட்டத்தையே நிறைவேற்ற வைத்தார். பின்னாளில் அணிசேராக் கொள்கை என்று நேருவும் நாசரும் சுகர்ணோவும் பேசியதற்கு முன்னோடியாக இதைப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

தெற்கில் நிலைமை என்ன? 1933ல் ரிஸா ஷா பழைய ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடுவதாக ஆர்ப்பாட்டம் செய்துவிட்டு, கடைசியில் அதை 1993 வரை நீட்டித்துக் கையெழுத்திட்டார். அபாதானில் இருந்த சுத்திகரிப்பு ஆலை உலகிலேயே பெரியது. தொடக்க காலத்தில் அங்கே வேலை செய்ய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆட்களைக் கொண்டு போனார்கள். வெள்ளை அதிகாரிகளுக்குப் புல்வெளி, நீச்சல் குளம், கிளப். ஈரானியத் தொழிலாளிக்குத் தகரக் கொட்டகை. அவர்கள் வாழ்ந்த சேரிக்குக் காகிதாபாத் என்று பெயர். காகிதத்தால் ஆன ஊர். லாபக் கணக்கைப் பார்க்க ஈரானுக்கு உரிமை இல்லை. 1950ல் அந்தக் கம்பெனி பிரிட்டிஷ் அரசுக்குக் கட்டிய வரி, எண்ணெயின் சொந்தக்காரனான ஈரானுக்குக் கொடுத்ததைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. போரில் கடன்பட்டு நொடிந்திருந்த பிரிட்டனுக்கு அந்த வரியும், டாலர் செலவில்லாமல் கிடைக்கும் அந்த எண்ணெயும் பெரிய ஊன்றுகோல். ஆட்சியில் இருந்தது ஏழைகளின் கட்சி என்று சொல்லிக்கொண்ட தொழிற்கட்சி. சொந்த நாட்டில் நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியவர்கள், ஈரான் அதையே செய்யக் கூடாது என்றார்கள்.

1949ல் முஸத்திக் தேசிய முன்னணியை அமைத்தார். கடைவீதி வணிகர்கள், மாணவர்கள், ஆயத்துல்லாஹ் அபுல் காசிம் காஷானி தலைமையிலான மார்க்க அறிஞர்களில் ஒரு பகுதியினர் எல்லாம் அதன் பின்னால் திரண்டனர். மஜ்லிஸின் எண்ணெய்க் குழுவுக்கு அவர் தலைவரானார். 1950 டிசம்பரில் அண்டையிலுள்ள சவூதி அரேபியாவில் அராம்கோ லாபத்தில் சரிபாதி தர ஒப்புக்கொண்ட செய்தி வந்தது. தெஹ்ரானில் எண்ணெய் ஊற்றிய நெருப்பு மாதிரி ஆயிற்று. 1951 மார்ச்சில் பிரதமர் ரஸ்மாரா பள்ளிவாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் மஜ்லிஸும் செனட்டும் எண்ணெயை நாட்டுடைமையாக்கும் சட்டத்தை நிறைவேற்றின. ஈரானியக் காலண்டரின் கடைசி நாளுக்கு இணையான அந்த மார்ச் 20 இன்றும் அங்கே விடுமுறை. ஏப்ரல் 28ல் முஸத்திக் பிரதமரானார். ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம் பிறந்தது.

அப்போது அவருக்கு வயது 68. உயரமான, மெலிந்த, கூன் விழுந்த உருவம். அடிக்கடி மயக்கம் வரும். கட்டிலில் படுத்தபடியே, இரவு உடையில், அமைச்சரவைக் கூட்டமும் வெளிநாட்டுத் தூதர் சந்திப்பும் நடத்துவார். பேசும்போது கண்ணீர் விடுவார். மேற்கத்தியப் பத்திரிகைகள் அதை நாடகம் என்று கேலி செய்து குவித்தன. பதவிக்கான சம்பளத்தை அவர் தொடவில்லை என்பதை அந்தப் பத்திரிகைகள் பெரிதாக எழுதவில்லை.

பிரிட்டன் முதலில் படையெடுக்க நினைத்தது. கப்பல்கள் அபாதானுக்கு எதிரே வந்து நின்றன. அமெரிக்க அதிபர் ட்ரூமன் ஒத்துழைக்க மறுத்ததால் அட்லி அரசு பின்வாங்கியது. 1951 அக்டோபரில் கடைசி பிரிட்டிஷ் ஊழியர்களும் அபாதானைவிட்டுக் கப்பல் ஏறினர். ஆனால் துப்பாக்கியைவிடக் கூர்மையான ஆயுதம் ஒன்று அவர்களிடம் இருந்தது. ஈரானிய எண்ணெயை யார் வாங்கினாலும் திருட்டுச் சரக்கு வாங்கியதாக வழக்குப் போடுவோம் என்று உலகத்துக்கு அறிவித்தார்கள். 1952ல் ரோஸ் மேரி என்ற கப்பல் ஈரானிய எண்ணெயோடு போனபோது ஏடனில் மடக்கினார்கள். எண்ணெய்க் கப்பல்களில் பெரும்பாலானவை பெரிய கம்பெனிகளின் கையில். ஈரானிடம் எண்ணெய் கடலாக இருந்தது. அதைக் கொண்டுபோகக் கப்பல் இல்லை. இதுதான் முஸத்திக் சரியாகக் கணிக்காத இடம். ஈரானிய எண்ணெய் இல்லாவிட்டால் உலகம் திணறும் என்று அவர் நம்பினார். குவைத், சவூதி, இராக் வயல்களில் உற்பத்தியைக் கூட்டி அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட்டார்கள். குவைத்தின் செழிப்பில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான். ஜப்பானின் இதெமித்சு நிறுவனத்தின் நிஷோ மாரு கப்பல் 1953ல் துணிந்து வந்து அபாதானில் எண்ணெய் ஏற்றிப் போனது. அப்படித் துணிந்தவர்கள் மிகச் சிலர்.

இந்தியாவுக்கும் அதில் ஒரு பாடம் கிடைத்தது. நாம் பயன்படுத்திய பெட்ரோல், சீமெண்ணெயில் பெரும்பங்கு சுத்திகரித்த சரக்காகவே, முக்கியமாக அபாதானிலிருந்து, வந்துகொண்டிருந்தது. ஆலை நின்றதும் சொந்த மண்ணில் சுத்திகரிப்பு வேண்டும் என்ற எண்ணம் டெல்லியில் அவசரமானது. இந்தியாவில் ஆலை கட்ட அதுவரை தயங்கிய கம்பெனிகளும் இறங்கி வந்தன. ஸ்டான்வாக் 1954லிலும் பர்மா ஷெல் 1955லிலும் பம்பாயில் ஆலைகளை இயக்கின. கால்டெக்ஸ் 1957ல் விசாகப்பட்டினத்தில். முஸத்திக் வீழ்ந்த மறு ஆண்டுகளில் நடந்தவை இவை.

1951 அக்டோபரில் பிரிட்டன் விவகாரத்தை ஐ.நா. பாதுகாப்பு சபைக்குக் கொண்டு போனபோது முஸத்திக் தானே நியூயார்க் போய் வாதிட்டார். சபை முடிவெடுக்காமல் தள்ளி வைத்தது. திரும்பும் வழியில் கெய்ரோவில் இறங்கினார். சூயஸ் கால்வாயில் பிரிட்டிஷ் படை உட்கார்ந்திருந்த காலம் அது. எகிப்து மக்கள் அவரைத் தோளில் தூக்காத குறை. ஐந்தே ஆண்டில் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். 1952 ஜூலையில் ஹேக் சர்வதேச நீதிமன்றம் இந்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று ஈரானின் வாதத்தை ஏற்றது. பெரும்பான்மையோடு சேர்ந்து வாக்களித்தவர்களில் பிரிட்டிஷ் நீதிபதி மெக்நாயரும் ஒருவர். நாட்டுப் பற்றைவிட நீதியைப் பெரிதாக எடுத்துக்கொண்ட அந்த மனிதரையும் நாம் குறிப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

அதே ஜூலையில் போர்த்துறை யார் கையில் என்பதில் ஷாவோடு முட்டி முஸத்திக் ராஜினாமா செய்தார். ஐந்து நாள்தான். ஜூலை 21ல் மக்கள் தெருவுக்கு வந்து, ராணுவத்தின் குண்டுக்குப் பலர் பலியாகி, ஷா பணிந்து அவரை மீண்டும் அழைத்தார். அது அவருடைய உச்சம். சரிவும் அங்கிருந்தே தொடங்கியது.

எண்ணெய் வருமானம் இல்லாமல் அரசு தவித்தது. இடைக்கால ஏற்பாடாக உலக வங்கி ஆலையை நடத்தலாம் என்ற திட்டம் 1952 தொடக்கத்தில் வந்தபோது முஸத்திக் ஏற்கவில்லை. அதை ஏற்றிருந்தால் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கும் என்பது என் கருத்து. அவசர அதிகாரங்களை மஜ்லிஸிடமிருந்து பெற்று, பிறகு நீட்டிக்கவும் கேட்டார். கூட இருந்த காஷானி பகையாளியானார். 1953 ஆகஸ்டில் மஜ்லிஸைக் கலைக்க ஒரு வாக்கெடுப்பு நடத்தினார். அதில் ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும் தனித்தனி இடத்தில் பெட்டி வைத்தார்கள். யார் எதற்குப் போடுகிறார் என்று ஊருக்கே தெரியும். 1925ல் சர்வாதிகாரம் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசியவர் இதைச் செய்திருக்கக் கூடாது. எதிரிகள் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

எதிரிகள் அப்போது வாஷிங்டனில் கூடியிருந்தனர். 1952 அக்டோபரில் முஸத்திக் பிரிட்டிஷ் தூதரகத்தை மூடிவிட்டதால் அவர்களுடைய உளவு வலை அமெரிக்கர்களிடம் கைமாறியது. 1953ல் ஐசன்ஹோவர் அதிபரானார். எண்ணெய் என்று சொன்னால் அமெரிக்கா அசையாது, கம்யூனிசம் என்று சொன்னால் அசையும் என்பதை பிரிட்டன் அறிந்திருந்தது. ஈரானில் துதே என்ற கம்யூனிஸ்ட் கட்சி பலமாகவே இருந்தது. திட்டத்தை நடத்தத் தெஹ்ரானுக்கு வந்தவர் கெர்மிட் ரூஸ்வெல்ட், பழைய அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் பேரன். பத்திரிகைகள், மஜ்லிஸ் உறுப்பினர்கள், அடியாட்கள் என்று பணம் பாய்ந்தது. ஆகஸ்ட் 15 நள்ளிரவில் பதவிநீக்க ஆணையோடு வந்த படைத்தலைவரே கைதானார். முயற்சி தோற்றது. ஷா பாக்தாத் வழியாக ரோமுக்கு ஓடினார். எல்லாம் முடிந்தது என்று முஸத்திக் நினைத்தார். ஆகஸ்ட் 19ல் கூலிக்கு அமர்த்திய கூட்டமும் உண்மையாகவே அதிருப்தி கொண்டவர்களும் ராணுவ டாங்கிகளும் சேர்ந்து அவர் வீட்டை முற்றுகையிட்டன. ஏறக்குறைய 300 பேர் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. சுவரேறித் தப்பிய முதியவர் மறுநாள் தானே சரணடைந்தார். இந்தச் சதியில் தன் பங்கை விவரிக்கும் ஆவணங்களை அமெரிக்க உளவுத்துறை வெளியிட்டது 2013ல். அறுபது ஆண்டு கழித்து.

ராணுவ நீதிமன்றத்தில் தனக்காகத் தானே வாதிட்டார். எண்ணெயை நாட்டுடைமையாக்கியதைத் தவிர வேறு குற்றம் தான் செய்யவில்லை என்பதே அவர் வாதத்தின் சாரம். மூன்று ஆண்டுத் தனிமைச் சிறை. வெளியுறவு அமைச்சராக இருந்த ஹுசைன் ஃபாத்திமியை 1954 நவம்பரில் சுட்டுக் கொன்றார்கள். சிறை முடிந்தபின் முஸத்திக்கை அஹ்மதாபாத் பண்ணை வீட்டிலேயே காவலில் வைத்தார்கள். குடும்பத்தினர் தவிர யாரும் பார்க்க முடியாது. கிராமத்து ஏழைகளுக்கு மருந்து கொடுப்பதும் பழைய கடிதங்களைப் புரட்டுவதுமாகப் பத்தாண்டுக்கு மேல் கழிந்தது. 1967 மார்ச் 5ல் புற்றுநோயால் இறந்தார். 1952 ஜூலையில் தனக்காக உயிர் கொடுத்தவர்களின் அருகில் தன்னை அடக்க வேண்டும் என்று விரும்பியிருந்தார். வஸிய்யத் பற்றி ஆய்வு செய்து பட்டம் வாங்கியவரின் சொந்த வஸிய்யத்தை ஷாவின் அரசு அனுமதிக்கவில்லை. வீட்டின் சாப்பாட்டு அறையிலேயே கப்ரு வெட்டப்பட்டது.

எண்ணெய் என்னவாயிற்று? 1954ல் கம்பெனிகளின் கூட்டணி ஒன்று வந்தது. பிரிட்டிஷ் பெட்ரோலியம் என்று பெயர் மாற்றிக்கொண்ட பழைய கம்பெனிக்கு 40 சதவீதம், அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40, மீதி ஷெல்லுக்கும் ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்கும். உதவி செய்தவர் கூலி பெறாமல் போகவில்லை. ஆனால் நாட்டுடைமைச் சட்டத்தை யாரும் ரத்து செய்யத் துணியவில்லை. லாபத்தில் பாதி ஈரானுக்கு வந்தது. தேசிய எண்ணெய் நிறுவனம் பெயரளவில் சொந்தக்காரனாக நீடித்து, மெல்ல மெல்ல சொந்தக் காலில் நின்றது.

நம் ஊருக்கு அது வந்த கதை இனிதான். 1965ல் மத்திய அரசும், அமெரிக்காவின் அமோக்கோவும், இந்த ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தைத் தொடங்கின. பங்கு முறையே 74, 13, 13 சதவீதம். அப்போது பெட்ரோலியத் துறை அமைச்சர் ஹுமாயூன் கபீர். இணை அமைச்சர், காஞ்சிபுரம் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரரான ஓ.வி. அழகேசன். வட சென்னையின் மணலியில் ஆண்டுக்கு 25 லட்சம் டன் சுத்திகரிக்கும் ஆலை 1969ல் ஓடத் தொடங்கியது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அண்ணா மறைந்தார். ஈரானின் தாரியுஸ் வயலிலிருந்து கச்சா எண்ணெய் கப்பலில் வந்தது. காஞ்சிபுரத்து ரேஷன் கடைகளில் கேனோடு வரிசையில் நின்ற நம் உம்மாமார்களுக்கு அந்தச் சீமெண்ணெய்க்குப் பின்னால் ஒரு முதியவரின் வீட்டுச் சிறை இருந்தது தெரிந்திருக்க நியாயமில்லை. எம்டன் சுட்ட தொட்டிகளின் வாரிசான பர்மா ஷெல்லும் 1976ல் நாட்டுடைமையாகி இன்றைய பாரத் பெட்ரோலியமானது.

1979 புரட்சியில் ஷா நாட்டைவிட்டு ஓடிய சில வாரங்களில், மார்ச் 5ம் தேதி, அஹ்மதாபாத்தில் அந்தச் சாப்பாட்டு அறை வீட்டைச் சுற்றிப் பெரும் கூட்டம் திரண்டது. தெஹ்ரானின் மிக நீளமான சாலைக்குச் சிறிது காலம் அவர் பெயர் இருந்தது. பிறகு வலிய்யுல் அஸ்ர் என்று மாற்றினார்கள்.

மணலி ஆலை இப்போது சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன். அமோக்கோ 1985ல் விலகிக்கொண்டது. ஈரான் நிறுவனம் தன் துணை நிறுவனத்தின் வழியாக 15.4 சதவீதப் பங்கோடு நீடித்தது. அமெரிக்கத் தடை காரணமாக 2019 மே மாதம் இந்தியா ஈரானிடம் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியபோது, அந்தப் பங்கு அப்படியே இருந்தது. கப்பல்கள் வேறு நாடுகளிலிருந்து வந்தன.